அத்தைக்கு ரெண்டு பாட்டில் இருமல் சிரப்பு: ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். சத்தம் ஒழுங்கா கேக்குதா? சரி. போன தடவை சுகர் மாத்திரை பத்திப் பேசினதுக்கு அப்புறம் நிறைய கேள்வி வந்திருக்கு. அதுல ஒண்ணே ஒண்ணை மட்டும் இன்னைக்கு எடுத்திருக்கேன், ஏன்னா அந்த ஒண்ணுக்குள்ளயே அஞ்சாறு கேள்வி கிடக்கு. ஆலங்குளம் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. பேரு சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால ஊரோட நிறுத்திக்கிடுதேன். வாசிக்கேன், கேளுங்க.

"எங்க அத்தைக்கு 63 வயசு. பிரஷர், சுகர் ரெண்டுக்கும் மாத்திரை போடுதாங்க. வீட்டுல இருந்து பீடி சுத்துதாங்க. மூணு வாரமா இருமல். நெஞ்சுல சளி கட்டிக் கர்ர் கர்ர்னு கேக்குது. டாக்டர் ஒரு சிரப்பு எழுதிக் குடுத்தாரு. அது பத்தலன்னு பக்கத்து வீட்டு மதினி அவங்ககிட்ட மிச்சம் இருந்த இன்னொரு சிரப்பைக் குடுத்தாங்க. இருமல் வரும்போதெல்லாம் ரெண்டுல இருந்தும் ஒரு மூடி குடிச்சுக்கிடுதாங்க. தடுமனுக்குன்னு மெடிக்கல்ல கேட்டு வாங்கின மாத்திரையும் காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நான் ஆடாதொடை கசாயமும் வச்சுக் குடுக்கேன். இப்ப ரெண்டு நாளாக் கை நடுங்குது, பீடி இலையைச் சுருட்ட முடியலைங்காங்க. பகல்லயே தூங்கி வழியுதாங்க. எல்லாம் சேத்துக் குடுக்கலாமா? எங்க பாப்பாவுக்கு மூணு வயசு, அவளுக்கும் சளி. அதே சிரப்புல அரை ஸ்பூன் குடுக்கலாமா?"

கடைசியில கேட்டதுக்கு மொதல்ல பதில். பாப்பாவுக்குக் குடுக்காதீங்க. கால் ஸ்பூனும் வேண்டாம். ஏன்னு பின்னால வாரேன். இந்த வீடியோவைப் பாதியில நிறுத்திட்டுப் போறவங்களுக்கு இது ஒண்ணாவது காதுல விழணும்.

நான் டாக்டர் இல்ல, மருந்தாளுநர். அரசாங்க ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு உள்பக்கம் நின்னு மருந்து எடுத்துக் குடுத்தே வேலைக்காலம் பூரா ஓடிப்போச்சு. நான் சேர்ந்த புதுசுல சனங்க வீட்டுல இருந்தே பாட்டில் கொண்டாருவாங்க. பெரிய ஜாடியில இருந்து இருமல் மிக்ஸரை ஊத்தி, ஓரத்துல வெட்டு வெட்டா நறுக்கின காகிதத்தை ஒட்டிக் குடுப்போம். ஒரு வெட்டு ஒரு வேளைக்கு. எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தாகூட அளவு தப்பாமக் குடிச்சுருவா. இப்ப வார பாட்டில்ல அழகான டப்பா இருக்கு, பழம் படம் இருக்கு, என்ன இருக்குங்கிற எழுத்து மட்டும் எறும்பு ஊருத மாதிரி இருக்கு.

அந்தத் தங்கச்சி ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்காங்க. ரெண்டு பாட்டிலோட முதுகுப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. கண்ணாடியைப் போட்டுக்கிடுதேன், இருங்க.

மொதல் பாட்டில், டாக்டர் எழுதினது. ஒவ்வொரு 5 மில்லியிலும் டெர்புடலின் 1.25 மில்லிகிராம், புரோம்ஹெக்சின் 4 மில்லிகிராம், குவாய்ஃபெனெசின் 50 மில்லிகிராம், அப்புறம் வாசத்துக்கும் தொண்டைக் குளிர்ச்சிக்கும் மென்தால். நாம ஒரு பேரைச் சொல்லி ஒரு மருந்துன்னு வாங்குதோம். உள்ள மூணு பேரு உக்காந்திருக்கான், ஒவ்வொருத்தனுக்கும் ஒரு சோலி.

புரோம்ஹெக்சின் கெட்டிச் சளியை இளக்கும். இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஆடாதொடை இலையில வாசிசின்னு ஒரு பொருள் இருக்கு. அதை மாதிரியா வச்சு ஆய்வுக்கூடத்துல செஞ்சு 1960கள்ல மருந்தா வந்ததுதான் இந்தப் புரோம்ஹெக்சின். நம்ம வயக்காட்டு வேலியில ஆடு தொடாம நிக்கே, அந்தச் செடியோட பேரப்புள்ள. சில சிரப்புல ஆம்பராக்சால்னு போட்டிருக்கும், அது புரோம்ஹெக்சின் உடம்புக்குள்ள போய் மாறுததுல கிடைக்கிற பொருள். ஆக, அந்தத் தங்கச்சி வச்சுக் குடுத்த கசாயமும் இந்தச் சிரப்பும் ஒரே வேலைக்குத்தான் போகுது. ரெண்டும் சேந்தா ரெட்டை வேகத்துல சளி போயிரும்னு இல்ல. வயித்தைப் பெரட்டும், சில பேருக்கு வயித்தால போகும். கசாயத்துமேலதான் நம்பிக்கைன்னா, பாளையங்கோட்டையில அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964ல இருந்து இருக்கு, அங்க போய்க் காமிச்சுக் குடிங்க. போகும்போது இந்தச் சிரப்பும் குடிக்கோம்னு சொல்லிருங்க. மாசமா இருக்கிற பிள்ளைங்க ஆடாதொடையைத் தானா வச்சுக் குடிக்கக் கூடாது, அது கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும்.

குவாய்ஃபெனெசின் சளியில ஈரத்தைக் கூட்டி மேல ஏற வைக்கிறது. தண்ணி குடிக்காதவங்களுக்கு இது பாதி வேலைதான் பாக்கும். சிரப்பைக் குடிச்சுட்டுத் தொண்டையில ஒட்டிக்கிட்டு நிக்கட்டும்னு ஒரு மணி நேரம் பச்சைத்தண்ணி குடிக்காம இருக்கிறவங்களை நான் பாத்திருக்கேன். வெந்நீர் நல்லாக் குடிங்க. டாக்டர் தண்ணியைக் குறைக்கச் சொல்லியிருக்கிற இருதய, கிட்னி நோயாளிங்க மட்டும் அவர் சொன்ன அளவுலயே நிக்கணும்.

மூணாவது டெர்புடலின். அத்தை கை நடுக்கத்துக்கு ஆளு இவன்தான், நான் அடிச்சுச் சொல்லுவேன். மூச்சுக்குழாயைச் சுத்தி இருக்கிற தசையைத் தளத்தி விடுதது இவன் வேலை. இளைப்பு, வீசிங் உள்ளவங்களுக்கு நல்ல மருந்து. ஆனா மூச்சுக்குழாயோட நிக்க மாட்டான். கைத்தசையில போய் நடுக்கம் குடுப்பான், நெஞ்சைப் படபடன்னு அடிக்க வைப்பான், ரத்தத்துல சர்க்கரையையும் கொஞ்சம் ஏத்துவான். சால்பியூட்டமால், லீவோசால்பியூட்டமால்னு போட்டிருந்தாலும் இதே கூட்டந்தான். டாக்டர் 10 மில்லி மூணு வேளைன்னு எழுதியிருந்தா ஒரு நாளைக்கு 7.5 மில்லிகிராம். அத்தை இருமல் வரும்போதெல்லாம் ஒரு மூடின்னு குடிச்சா, எத்தனை ஆச்சுன்னு யாரு எண்ணினா? இருமல் என்ன மணி பாத்தா வருது? பீடி சுத்துதவங்களுக்கு விரலுதான் சோறு போடுது. அந்த விரலு நடுங்குதுன்னா உடம்பு சொல்லுது, போதும்னு.

அந்த டாக்டர் எழுதினது தப்புன்னு நான் சொல்லல, சளி கட்டி மூச்சு கர்ர்னு கேட்டா எழுதக்கூடிய மருந்துதான். அத்தைக்கு இருதயத் துடிப்புல கோளாறு, தைராய்டு கூடுதல் ஏதும் இருக்கான்னு அவருக்குத் தெரியணும். கை நடுக்கத்துக்கோ ஒத்தைத் தலைவலிக்கோ புரோப்ரனலால்னு ஒரு மாத்திரை சில பேரு போடுவாங்க. அது மூச்சுக்குழாயைச் சுருக்கப் பாக்கும், இது விரிக்கப் பாக்கும். ஒரு மாட்டை ரெண்டு பக்கமும் கயிறு கட்டி இழுத்த மாதிரி ஆயிரும். நீங்க சொல்லாம அவருக்கு எப்படித் தெரியும்?

இப்ப மதினி குடுத்த பாட்டில். 5 மில்லியில டெக்ஸ்ட்ரோமெதார்பன் 10 மில்லிகிராம், குளோர்பெனிரமின் 2, பினைல்எஃப்ரின் 5. இது வேற சாதி மருந்து. டெக்ஸ்ட்ரோமெதார்பன் மூளையில இருமல் கிளம்புற இடத்தையே அமத்திருது. வறட்டு இருமல், ராத்திரி தூங்க விடாமத் தொண்டையில அரிச்சு அரிச்சு வருமே, அதுக்கு ஆகும். நெஞ்சு நிறையச் சளி இருக்கிற ஆளுக்கு இருமலை அமத்தினா அந்தச் சளி எந்த வழியா வெளிய வரும்?

யோசிச்சுப் பாருங்க. ஒரு பாட்டில் கிணத்துல தூரெடுக்குது, சகதியை இளக்கி வாளியில ஏத்தி விடுது. இன்னொரு பாட்டில் மேல நிக்கிறவன் கையில இருந்து கயித்தைப் பிடுங்கிட்டுப் போயிருது. மதினி நல்ல மனசோடதான் குடுத்தாங்க, அவங்களுக்கு அது வறட்டு இருமலுக்குக் கேட்டிருக்கும். சில கம்பெனி சளியை ஏத்துற மருந்தையும் இருமலை அமத்துற மருந்தையும் ஒரே பாட்டில்லயே போட்டு விக்கத்தான் செய்யுது. 2023 ஜூன்ல மத்திய அரசு 14 கூட்டு மருந்துகளைத் தடை பண்ணுச்சு, அதுல பாதிக்கு மேல இருமல், சளி சம்பந்தப்பட்டது. இப்படிச் சேக்குததுக்குத் தக்க காரணம் இல்லைங்கிறதுதான் சொன்ன காரணம்.

அடுத்தது இந்தக் குளோர்பெனிரமின். மூக்கு ஒழுகலை நிறுத்தும், கூடவே தூக்கமும் வரும். சளியை வத்தவும் வச்சிரும். வத்தின சளி இன்னும் கெட்டி. அத்தை பகல்ல தூங்கி வழியுததுக்கு இதுதான் காரணம். பினைல்எஃப்ரின் மூக்கடைப்புக்காகப் போடுதது, ரத்தக்குழாயைச் சுருக்கும், பிரஷர் உள்ளவங்களுக்கு அது ஏறலாம். ஒரு பக்கம் பிரஷரை இறக்க மாத்திரை, மறுபக்கம் ஏத்த சிரப்பு.

கதை இதோட முடியல. தடுமன் மாத்திரைன்னு சொன்னாங்கல்ல, அதோட அட்டையையும் பாத்தேன். பாராசிட்டமால் 500, பினைல்எஃப்ரின் 10, குளோர்பெனிரமின் 2. திரும்பவும் அதே ரெண்டு பேரு! ஒரு கணக்குப் போடுவோம். சிரப்பு 10 மில்லி மூணு வேளைன்னே வச்சுக்கிடுங்க, குளோர்பெனிரமின் 12 மில்லிகிராம். மாத்திரை ரெண்டுல 4. மொத்தம் 16. வயசானவங்களுக்கு ஒரு நாளைக்கு 12க்கு மேல வேண்டாம்னு இருக்கு. இது ஒழுங்கா மூணு வேளை குடிச்சாத்தான். இருமும்போதெல்லாம் குடிச்சா எங்க போய் நிக்கும்? ராத்திரி ஒண்ணுக்குப் போக எந்திரிச்சு, தூக்கக் கலக்கத்துல வாசப்படி தட்டி இடுப்பு முறிஞ்சு வந்த ஆத்தாமாரை நான் நிறையப் பாத்துட்டேன். ஆம்பளைங்களுக்கு, பிராஸ்டேட் வீக்கம் உள்ளவங்களுக்கு, இந்தக் குளோர்பெனிரமினும் பினைல்எஃப்ரினும் சேந்து ஒண்ணுக்கையே அடைச்சிரும். கண்ணுல பிரஷர் உள்ளவங்களும் கேட்டுட்டுத்தான் குடிக்கணும்.

பாராசிட்டமாலும் அப்படித்தான். தடுமன் மாத்திரைக்குள்ள இருக்குன்னு தெரியாம, காய்ச்சல் அடிக்குன்னு தனியா 650 போடுவாங்க, மேல் வலிக்குன்னு இன்னொண்ணு போடுவாங்க. நல்ல உடம்புக்கே ஒரு நாளைக்கு 4000 மில்லிகிராம்தான் எல்லை. குடிக்கிறவங்க, ஈரல் கோளாறு உள்ளவங்களுக்கு அதுலயும் கம்மி. குடின்னதும் ஞாபகம் வருது, சாயங்காலம் சரக்கு, ராத்திரி இருமல் சிரப்பு. அண்ணாச்சிமாரே, தூக்க மருந்துமேல தூக்க மருந்து அது. அந்தச் சிரப்பைக் குடிச்சுட்டுக் காலையில வண்ணாரப்பேட்டை பாலத்துல வண்டி ஓட்டுதவங்களுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்.

இன்னொண்ணு மெதுவாச் சொல்லுதேன், யாரும் வாயைத் திறந்து சொல்லாத விசயம். மனச்சோர்வுக்கு, பதட்டத்துக்கு மாத்திரை சாப்பிடுதவங்க. எசிடலோப்ராம், செர்ட்ராலின், ஃபுளூவாக்செடின், இதெல்லாம் போடுதவங்களுக்கு டெக்ஸ்ட்ரோமெதார்பன் ஒத்துக்கிடாமப் போகலாம். மேல் நடுக்கம், வேர்வை, காய்ச்சல், மனசு தடுமாற்றம்னு ஆபத்தா வரும். மெடிக்கல்ல நாலு பேரு முன்னால சொல்லக் கூச்சமா இருந்தா மாத்திரை அட்டையை மட்டும் நீட்டுங்க. புரிஞ்சுக்கிடுவாங்க.

பேரு விசயத்துக்கு வாரேன். ஒரே பேருல நாலு பாட்டில் இருக்கும், பேருக்குப் பின்னால வால் மட்டும் மாறும். டி, எல்எஸ், பிஎம், ஜூனியர்னு ஏதாவது. வால் மாறுச்சுன்னா மருந்தே மாறுச்சுன்னு அர்த்தம். ஒண்ணு வறட்டு இருமலுக்கு, ஒண்ணு சளிக்கு. "போன தடவை குடிச்ச அதே சிரப்பு குடுங்க"ன்னு பேரை மட்டும் சொல்லிப் போன் போட்டு வாங்கினா வேற பாட்டில் வீட்டுக்கு வரும். பழைய பாட்டிலைக் கையோட கொண்டு போங்க.

அளவு. பாட்டிலோட வார பிளாஸ்டிக் மூடியில கோடு போட்டிருக்கும், 2.5, 5, 10ன்னு. அந்த மூடியைத் தூக்கிப் போட்டுட்டுச் சமையக்கட்டு ஸ்பூனை எடுக்காதீங்க. நேத்து எங்க வீட்டுல மூணு ஸ்பூனை எடுத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால தண்ணி விட்டுப் பாத்தேன். இந்தா, இது காப்பிக்குச் சீனி போடுதது, 3 மில்லிதான் பிடிச்சுது. இது ஊறுகாய் ஸ்பூன், 4. இந்தப் பெரிய ஸ்பூன்ல 11 போகுது. மூணையும் வீட்டுல "ஸ்பூன்"னுதான் சொல்லுதோம். டீஸ்பூன்னு மருந்துல எழுதினா 5 மில்லி. மூடியை விளிம்பு வரைக்கும் நிரப்புததும் அளவு இல்ல, கோடுதான் அளவு. கண்ணுக்கு நேரா வச்சு ஊத்துங்க, ஊத்துததுக்கு முன்னால பாட்டிலைக் குலுக்குங்க. சுகர் உள்ளவங்க சர்க்கரை சேக்காத சிரப்பு கேட்டு வாங்கலாம், அதே மருந்து கிடைக்கும்.

நான் பெரிய யோக்கியன் மாதிரி பேசுதேன்ல? என் சொந்தக் கதை ஒண்ணு சொல்லுதேன். எங்க பெரியண்ணனுக்கு ஒரு மழைக்காலத்துல இருமல் ஆரம்பிச்சுது. ஐப்பசி போய், கார்த்திகை போய், மார்கழிப் பனியும் போய், பங்குனி வெயில்லயும் லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டு இருந்தாரு. சளியே கிடையாது, வறட்டு இருமல். நான்தான் சிரப்பு குடுத்தேன். அமத்துறது குடுத்தேன், இளக்குறது குடுத்தேன், எங்க மதினி, அதான் அண்ணன் சம்சாரம், கருப்பட்டியும் சுக்கும் தட்டிப் போட்டுத் தினமும் காப்பி வச்சுக் குடுத்தா. அஞ்சு பாட்டில் காலி. ஒரு நாள் அவர் வீட்டு அலமாரியில எதையோ தேடப் போயி பிரஷர் மாத்திரை அட்டையைப் பாத்தேன். ராமிப்ரில். ஐப்பசிக்கு முந்தின மாசந்தான் புதுசா மாத்திக் குடுத்திருக்காங்க. ராமிப்ரில், எனலாப்ரில்னு 'பிரில்'ல முடியுற மாத்திரைகள் சில பேருக்கு வறட்டு இருமலைக் குடுக்கும். இருவது வருசத்துக்கு மேல அந்த மாத்திரையை ஊருக்கெல்லாம் எண்ணிக் குடுத்தவன் நான். கூடப் பிறந்தவன்கிட்ட "என்ன மாத்திரை போடுத?"ன்னு ஒரு வார்த்தை கேக்கல. டாக்டர் வேற மாத்திரைக்கு மாத்தினாரு, மூணு வாரத்துல இருமல் நின்னுது. இப்பவும் என்னைப் பாத்தா ஒரு தடவை பொய்யா இருமிக் காமிப்பாரு.

தங்கச்சி, அத்தையோட பிரஷர் மாத்திரை பேரை நீங்க எழுதல. 'பிரில்'னு முடியுதான்னு பாருங்க. அத்தைக்குச் சளியும் இருக்கிறதால அதுவே முழுக் காரணமா இருக்காது, ஆனாலும் டாக்டர்கிட்டச் சொல்லணும். நீங்களா மாத்திரையை நிறுத்திராதீங்க. இருமலுக்குப் பயந்து பிரஷர் மாத்திரையை விட்டுட்டுப் பக்கவாதத்துல விழுந்தா எந்தச் சிரப்பும் எழுப்பாது.

இப்ப எனக்கு உறுத்துத விசயம். மூணு வாரம்னு எழுதியிருக்கீங்க. சளி பிடிச்சுப் போனதுக்கு அப்புறம் இருமல் ரெண்டு மூணு வாரம் இழுக்கிறது சகஜம், அதுக்காக எல்லாரும் பயப்பட வேண்டாம். சளி மஞ்சளாப் பச்சையா வந்ததும் ஆன்டிபயாட்டிக் கேட்டு ஓடவும் வேண்டாம், நிறத்தை மட்டும் வச்சு முடிவு பண்ணுதது இல்ல. ஆனா ரெண்டு வாரம் தாண்டின இருமல்னா சளியைச் சோதிக்கணும்ங்கிறது அரசாங்கக் காசநோய்த் திட்டத்துல உள்ளது. சுகர் உள்ளவங்களுக்குக் காசநோய் வர வாய்ப்பு மத்தவங்களை விட ரெண்டு மூணு மடங்கு. அத்தைக்கு சுகர் இருக்கு, வயசு 63. சிரப்பு மேல சிரப்பா இருமலை அமத்திக்கிட்டே போனா நோய் உள்ள இருந்து வளரும், பாப்பா மடியில விளையாடிக்கிட்டு இருக்கும்.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே சளி சோதனைக்குக் குடுக்கலாம், காசு கிடையாது. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா எக்ஸ்ரேயும் சேத்துப் பாத்துருவாங்க. காலையில எந்திரிச்சதும் ஆழமா இருமி வார சளிதான் வேணும், எச்சியைத் துப்பிக் குடுத்துட்டு வந்தா பிரயோசனம் இல்ல. சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வேர்வை, எடை குறைஞ்சு ரவிக்கை தொளதொளன்னு ஆகுதது, இதுல ஏதாவது இருந்தா நாளைக்கே போங்க. சளியில ரத்தம் வந்தாலோ, படுத்தா மூச்சு முட்டுனாலோ, நெஞ்சு வலிச்சாலோ, உதடு நீலமானாலோ நாளைக்குக்கூட இல்ல, இப்பவே 108.

பீடித் தூளை மறந்துராதீங்க. மடியில சுளகை வச்சு, குனிஞ்சு, நாள் பூரா அந்தத் தூள் மூக்குக்கு ஒரு சாண் தூரத்துல. ஆலங்குளம், முக்கூடல், கடையம், மேலப்பாளையம்னு நம்ம பக்கம் எத்தனை வீட்டுல இந்த வேலை நடக்கு. சோலியை விடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது, விட்டா வேற என்ன செய்வாங்க? இருமல் சரியாகுத வரைக்கும் ஒரு பத்து நாள் தள்ளி வைக்க முடிஞ்சா நல்லது. முடியலன்னா தார்சாவுல இருந்து வெளித் திண்ணைக்கு மாறி உக்காரட்டும், மூக்கை வாயைத் துணியால கட்டட்டும். தூளைச் சலிக்கிறதை வேற ஆளு பாக்கட்டும். தரையை வாரியலால கூட்டாம ஈரத்துணியால துடைங்க. பாப்பாவை அந்தப் பக்கம் விடாதீங்க, அவளோட சளிக்கும் அந்தத் தூள் காரணமா இருக்கலாம்.

இப்ப பாப்பா. பெரியவங்க பாட்டில்ல அளவைக் குறைச்சா அது குழந்தை மருந்து ஆகாது. சளி, இருமல் சிரப்பு ரெண்டு வயசுக்குள்ள குழந்தைக்கு எழுதவே கூடாது, அஞ்சு வயசுக்குக் கீழ பொதுவா வேண்டாம்னு 2025 அக்டோபர்ல மத்திய சுகாதாரத் துறை எல்லா மாநிலத்துக்கும் சொல்லிருச்சு. அதுக்கு முன்னால 2023 டிசம்பர்லயே, குளோர்பெனிரமினும் பினைல்எஃப்ரினும் சேந்த சொட்டு மருந்தை நாலு வயசுக்குக் கீழ குடுக்கக் கூடாதுன்னு லேபிள்லயே போடச் சொன்னாங்க. மதினி குடுத்த பாட்டில்ல இருக்கிறதும் அதே ரெண்டுதான், தங்கச்சி.

2025ல மத்தியப் பிரதேசத்துல சிந்த்வாடா மாவட்டத்துல இருமல் சிரப்பு குடிச்சுக் குழந்தைங்க செத்துச்சே, அது ஞாபகம் இருக்கும். அந்தச் சிரப்பு நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல செஞ்சது. சோதிச்சுப் பாத்தப்ப அதுல டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். அனுமதிச்ச அளவு 0.1. அது மருந்தே இல்ல, ஆலைகள்ல கரைப்பானாப் பயன்படுத்துத திரவம், கிட்னியை நாசம் பண்ணிரும். தமிழ்நாட்டுல அக்டோபர் 1ஆம் தேதியில இருந்து அதை விக்கக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. எல்லாப் பாட்டில்லயும் விஷம்னு நான் பயமுறுத்தல. குழந்தைக்கு எந்தச் சிரப்பு குடுத்தாலும் பில் போட்டு வாங்குங்க, பாட்டில்ல உள்ள பேட்ச் நம்பரோட பில்லைப் பத்திரமா வையுங்க. குடிச்ச பிறகு குழந்தை ஒண்ணுக்குப் போறது குறைஞ்சாலோ, வாந்தி நிக்காமப் போனாலோ பாட்டிலையும் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

பாப்பாவுக்கு என்ன செய்ய? ஒரு வயசு தாண்டிட்டதால படுக்கப் போகும்போது அரை ஸ்பூன் தேன் குடுக்கலாம், ராத்திரி இருமலுக்கு நல்லாக் கேக்கும். ஒரு வயசுக்குள்ள தேன் நாக்குல தடவவே கூடாது. மூக்குக்கு உப்புத்தண்ணி சொட்டு மெடிக்கல்ல கிடைக்கும், ரெண்டு சொட்டு விட்டா அடைப்பு இளகும். வெந்நீர், கஞ்சி, ரசம் அடிக்கடி குடுங்க. ஆவி பிடிக்கேன்னு கொதிக்கிற குண்டானைப் பிள்ளைக்கிட்டக் கொண்டு போகாதீங்க, அது கவிழ்ந்து வெந்து வார பிள்ளைங்களைப் பாக்கச் சகிக்காது. மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழ குழி விழுந்தா, பால் தண்ணி குடிக்காமச் சுருண்டு படுத்தா, காய்ச்சல் மூணு நாள் தாண்டினா டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போங்க.

அத்தைக்கு இன்னைக்கு ராத்திரிக்கு என்ன பண்ணணும்னு கேப்பீங்க. மதினி பாட்டிலை நிறுத்துங்க. தடுமன் மாத்திரையை நிறுத்துங்க. டாக்டர் எழுதின சிரப்பை அவர் சீட்டுல என்ன அளவு இருக்கோ அதுக்கு மேல ஒரு சொட்டுக் கூடாது. கை நடுக்கம் இருக்கிறதால அடுத்த வேளை குடுக்கிறதுக்கு முன்னால அவருக்குப் போன் போட்டுக் கேளுங்க. போன் கிடைக்கலன்னா அரசாங்க மருத்துவ உதவி எண் 104க்குப் போட்டாலும் விவரம் சொல்லுவாங்க. கசாயமும் இப்பத்திக்கு வேண்டாம். பிரஷர், சுகர் மாத்திரை எப்பவும் போல. சுகரையும் ஒரு தடவை குத்திப் பாத்துருங்க.

நாளைக்கு வெள்ளனே போகும்போது ஒரு மஞ்சப்பையில ரெண்டு பாட்டில், தடுமன் மாத்திரை அட்டை, பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, பழைய சீட்டு எல்லாத்தையும் அள்ளிப் போட்டுக் கொண்டு போயி டாக்டர் மேசையில கொட்டுங்க. வாயால சொன்னா ஏதாவது ஒண்ணு விட்டுப் போகும். மதினி பாட்டிலைத் திருப்பிக் குடுக்கப் போறீங்கன்னா, அதுல தேதி முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு, போட்டோவுல தெரியுது. அவங்ககிட்டயும் சொல்லிருங்க. சளி சோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்க.

அடுத்த கேள்வி அம்பாசமுத்திரத்துல இருந்து, கால் எரிச்சல் பத்தி. அதை அடுத்த வீடியோவுல பாப்போம்.